எங்கள் லாரிக்கு முன்னால் ஓடிய கறுப்பு நாய்

லாரி ஆபீசில் டெலிபோன் மணி அடித்தால் முதலில் வயிறு எடுக்கும், பிறகுதான் கை எடுக்கும். "சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது" என்று சொல்வதற்காக எந்த டிரைவரும் காசு போட்டுப் பேசியதில்லை.

அடுத்தவர் செய்த தப்புக்கு "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து விளக்கக் கடிதம் எழுதும் வேலையில் இருப்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நீங்கள் நம்ம ஆள். நான் சொல்லப்போவது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்களில், திருப்பூரில் பதினொரு லாரி வைத்திருந்த ஒரு கம்பெனியில் நடந்தவை. மில்லிலிருந்து நூல், நிட்டிங்கிலிருந்து துணி, பேக்கிங்கிலிருந்து பனியன் பெட்டி என்று எதை ஏற்றினாலும் எங்கள் லாரிகள் வழியில் எதையாவது ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

ஐம்பத்திரண்டு மார்க்

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தவர். இன்டர்வியூவுக்கு என் சட்டையை அவரே தேய்த்துக் கொடுத்தார். அதை மடங்காமல் காப்பாற்றுவதற்காக டவுன் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

முதலாளி என் சர்டிபிகேட்டைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "சட்டம் ஏதாச்சும் படிச்சிருக்கியா?" என்றார். பி.காமில் சட்டம் ஒரு பேப்பர் உண்டு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொன்னதாக ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில், அதில் ஐம்பத்திரண்டு மார்க்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். முதலாளி சிரித்துவிட்டார். அலமாரியிலிருந்து பழுப்பேறிய ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மேலே 'ஆக்சிடென்ட்' என்று எழுதியிருந்தது.

"அம்பத்திரண்டுன்னா பாதிச் சட்டம் தெரியுமல்லொ? மீதிய நம்ம லாரிக சொல்லிக் குடுத்துரும் கண்ணு."

நாய் ஒன்று குறுக்கே வந்ததால்

விபத்து அறிக்கை எழுதுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தவர் மேனேஜர் நாச்சிமுத்து அண்ணன். பழைய கார்பன் காப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். 'எமது ஓட்டுநர் சாலையின் இடப்புறமாக மிதமான வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது நாய் ஒன்று எதிர்பாராமல் குறுக்கே வந்ததால்' என்று ஆரம்பித்தது. அதற்கு முந்தைய காப்பியிலும் நாய். அதற்கும் முந்தையதில் எழுத்து அழிந்துபோயிருந்தது, ஆனால் நாய் மட்டும் தெளிவாக இருந்தது.

என் முதல் கேஸ், எங்கள் டிரைவர் ரங்கசாமி அண்ணன் ஓட்டிய லாரி ஒரு சாயப்பட்டறை கேட்டின் தூணைப் பெயர்த்தது. எழுதுவதற்கு முன்னால் அவரையே கேட்டேன். "நாயா? நாய எங்கீங்க பார்த்தேன்? வளைக்கறப்ப தூணு கிட்ட வந்துருச்சுங்க" என்றார். இதை மேனேஜரிடம் சொன்னேன். அது ரங்கசாமிக்கும் தூணுக்கும் உள்ள விவகாரம், நமக்கு நாய்தான் என்றார். சரி, எழுதுவதை முழுமையாக எழுதுவோம் என்று நாய் என்ன நிறம் என்று கேட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஆம், நான் அன்று நாயை எழுதினேன். தூணுக்கு ரத்தமா வரப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"நாய்க்கு நெறம் கேட்ட மொத கிளார்க் நீதான். கறுப்புன்னு போட்டுக்க கண்ணு, அழுக்குப் பட்டாலும் தெரியாது."

ஊத்துக்குளி வெண்ணெய்

ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் எங்கள் லாரி நின்றுகொண்டிருந்தது. கேட் திறந்ததும், முன்னால் நின்ற மொபெட்காரர் கிளம்புவதற்குள் எங்கள் டிரைவர் கிளம்பிவிட்டார். மொபெட்டில் இருந்தது இரண்டு டின் வெண்ணெய். ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. வெண்ணெய் மட்டும் பாதி ரோட்டிலும் பாதி எங்கள் பம்பரிலும் இருந்தது. வெண்ணெய்க்காரர் யாரையும் திட்டவில்லை. லாரியின் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பதில் தெரியாமல் இறங்கமாட்டேன் என்றார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்வரை அங்கேயேதான் இருந்தார்.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர், மழை இல்லாத நாளிலும் குடை வைத்திருப்பார். குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம். என் அறிக்கையைப் படித்தார். பையிலிருந்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் எழுதிய மற்ற அறிக்கைகள் நான்கை எடுத்தார். எல்லாவற்றிலும் கறுப்பு நாய். என் தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் விரலால் பம்பரைத் தொட்டு, மோந்து பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, வெண்ணெய் கொட்டுன எடத்துல நாய் குறுக்க ஓடாதுங்க. உக்காந்துக்கும்."

கண் திறக்காத சாமி

அடுத்தது திருமுருகன்பூண்டி. அங்கே ரோட்டோரச் சிற்பக்கூடங்களில் சாமிகள் வரிசையாக நிற்கும். எங்கள் லாரி பின்னால் நகரும்போது ஒரு ஆளுயரப் பிள்ளையாரை இடித்துத் தும்பிக்கையை உடைத்துவிட்டது. டெலிபோனில் கேட்டதும் பாலிசியை எடுத்துப் புரட்டினேன். தூணை இடித்தால் இன்சூரன்ஸ் உண்டு. பிள்ளையாரை இடித்தால் எங்கே கிளெய்ம் போடுவது? டிரைவர் லாரியைவிட்டு இறங்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். நான் போனதும் முதலில் செருப்பைக் கழற்றினேன். விபத்து நடந்த இடத்தில் செருப்பைக் கழற்றிய கம்பெனிப் பிரதிநிதி அநேகமாக நான் ஒருவன்தான்.

சிற்பி உளியைக் கீழே வைக்காமலே பேசினார். செதுக்கி முடித்துக் கடைசியாகக் கண் திறந்தால்தான் அது சாமி, அதுவரைக்கும் கல் என்றார். கல்லுக்கும் கூலிக்கும் கம்பெனி பதில் சொன்னால் போதும், பாவத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிக்கையில்தான் முதன்முறையாக நான் நாயை எழுதாமல் விட்டேன். பிள்ளையார் முன்னால் நின்றுகொண்டு பொய் எழுத வரவில்லை. 'எமது ஓட்டுநர் பின்னால் பார்க்காததால்' என்று எழுதினேன். சிற்பி அதை வாங்கிப் படித்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

"பயப்படாதீங்க தம்பி. இன்னும் கண்ணு தெறக்கலீங்க, உங்க லாரி நம்பர சாமி பார்க்கல."

கிரைண்டர் 1

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அடுத்தது அப்படி இல்லை.

ஒருநாள் முதலாளியம்மா ஆபீசுக்குப் போன் செய்தார். அவருடைய தாய் வீடு மங்கலத்தில். அங்கே சும்மா கிடக்கும் கிரைண்டரை, ஏதாவது லாரி அந்தப் பக்கம் வந்தால் ஏற்றிவரச் சொல்ல வேண்டும். போனை எடுத்தது நான். ரங்கசாமி அண்ணனிடம் சொன்னதும் நான். துணி இறக்கிவிட்டுத் திரும்பும்போது மங்கலம் போய் வருவதாக ஏற்பாடு. லாரியில் ஏறும் எதையும் டிரிப் ஷீட்டில் எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் எழுதினேன்: 'திரும்பும் வழி, மங்கலம், முதலாளியம்மா தாய் வீடு, கிரைண்டர் 1.' அடியில் என் கையெழுத்து. ஒரு காப்பி டிரைவரிடம், ஒரு காப்பி என் காகிதக் கட்டுக்குள்.

வரும் வழியில், கட்டாமல் விட்ட கிரைண்டர் கல் லாரியின் பின்பக்கம் உருள ஆரம்பித்தது. என்ன சத்தம் என்று ரங்கசாமி அண்ணன் ஒரு நொடி திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் லாரி இடது பக்கம் ஒதுங்கி, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டது. பெயர் சகாயமேரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மேனேஜரும் அவருக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். லாரி கம்பெனி வேலையாகப் போயிருந்தால் கம்பெனி பொறுப்பு. டிரைவர் தன்னிஷ்டத்துக்கு மங்கலம் போனார் என்றால் பொறுப்பு டிரைவருடையது, கம்பெனி ஒதுங்கிக்கொள்ளலாம். கூடவே, குறுக்கே நாய் வந்தது. ரங்கசாமி அண்ணனுக்கு வேலை போகும், சகாயமேரிக்கு ஒன்றும் வராது. இதற்கு ஒரே இடைஞ்சல் என் டிரிப் ஷீட். மேனேஜர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கிரைண்டர் இல்லாமல் வேறு ஷீட் எழுதி நாளைக் காலையில் முதலாளி வீட்டுக்கு எடுத்து வா என்றார்.

"இப்படி எல்லாத்தையும் எழுதி வெச்சா அதுக்குப் பேரு ஆபீஸ் இல்ல கண்ணு, போலீஸ் ஸ்டேஷன்."

ஆர்த்தோ வார்டு

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. வார்டு வாசல் பெஞ்சில் ரங்கசாமி அண்ணன் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். தினமும் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகக் கூச்சப்பட்டு வெளியிலேயே இருந்துவிடுவாராம். "தப்பு என்னுதுங்க. திரும்பிப் பார்த்திருக்கக்கூடாதுங்க" என்றார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சகாயமேரி அக்கா தெற்குச் சீமைக்காரர், எங்கள் அப்பா பேசுகிற அதே பேச்சு. பணம் எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவில்லை. செக்கிங் டேபிளில் எட்டு மணி நேரம் நின்றால்தான் வேலை, அந்தக் கால் நிற்குமா, நிற்கும்வரை வீட்டில் அடுப்பு எரியுமா, இவ்வளவுதான் கேட்டார். எங்கள் மேனேஜர் முந்தின நாள் ஆப்பிளோடு வந்து, நாயைக் காப்பாற்றப் போய்த்தான் லாரி ஒதுங்கியது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா காலைத் தூக்கிக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாயக் காப்பாத்திட்டு என்னைய இடிச்சிருக்காவ. நானும் ரெண்டு கொரை கொரைச்சிருந்தா தப்பிச்சிருப்பேம் போலய்யா."

முதலாளி ஊடு

மறுநாள் காலை முதலாளி வீட்டு வாசலில் நின்றேன். கையில் ஒரே ஒரு டிரிப் ஷீட், பழையது. புதியது எழுத உட்கார்ந்தேன், 'திரும்பும் வழி' வரைக்கும் வந்தது, அதற்குமேல் பேனா நகரவில்லை. வேலை போய்விடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. மகன் ஆபீஸ் வேலையில் இருக்கிறான் என்று அப்பா அயர்ன் டேபிள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத்தான் பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்தேன்.

முதலாளி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் பக்கத்து நாற்காலியில். முதலாளியம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். நான் ஷீட்டை டேபிளில் வைத்து, "சார், வேற எழுத முடியலீங்க சார். மங்கலம் போகச் சொன்னது நான்தான். அண்ணன் அவராப் போகலீங்க" என்றேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, சகாயமேரி அக்கா காலைப் போல. மேனேஜர் மேலே ஃபேனைப் பார்த்தார். முதலாளியம்மா மட்டும் எட்டி ஷீட்டை எடுத்தார். நடந்தது எதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் வாசித்து முடித்துவிட்டு, கணவரின் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தார். பிறகு சமையலறையில் புதிதாக நின்ற கிரைண்டரைப் பார்த்தார். அடுத்த இட்லியை வைக்க எடுத்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏனுங்க, கிரைண்டரு நம்ம ஊட்டுக்கு, பழி மட்டும் அந்த டிரைவர் ஊட்டுக்கா?"

கோர்ட்டில் கிரைண்டர்

முதலாளி கை கழுவிவிட்டு வந்து மேனேஜரிடம், "உள்ளதச் சொல்லிப் போடலாம் உடுங்க" என்றார். ஒழுங்கான வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். புரோக்கர் ஒரு வாரம் யோசித்துச் சொன்ன சட்டத்தை அவர் ஒரே நிமிடத்தில் முடித்தார். முதலாளி அனுப்பினால் அது துணியானாலும் கிரைண்டரானாலும் முதலாளி வேலைதான், வேலைக்குப் போன டிரைவர் இடித்தால் முதலாளி இடித்த மாதிரிதான். என் பேப்பரில் எனக்கு வராமல் போன நாற்பத்தெட்டு மார்க்கும் இந்த இரண்டு வரிக்குள் இருந்திருக்கிறது.

தீர்ப்பாயத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் வக்கீல் ஷீட்டைத் தூக்கிக் காட்டி, இந்தக் 'கிரைண்டர் 1' என்பதை விபத்துக்குப் பிறகு சேர்த்தீர்களா என்று மிரட்டினார். "இல்லீங்க ஐயா. ஏத்தச் சொன்னாங்க, எழுதினேன்" என்றேன். ஒன்று என்று எதற்குக் குறிப்பிட வேண்டும் என்றார். "ரெண்டு இல்லீங்களே ஐயா" என்றேன். நான் கிண்டல் பண்ணவில்லை, சத்தியமாகப் பதில்தான் சொன்னேன். கோர்ட்டே சிரித்தது. சகாயமேரி அக்கா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கம்பெனி பொறுப்பு என்று முடிவானது. இன்சூரன்ஸ் தர வேண்டியதைத் தந்தது. கால் நிற்கும் வரைக்கும் அடுப்பு எரிவதை முதலாளியம்மா பார்த்துக்கொண்டார். ரங்கசாமி அண்ணன் வேலையில் இருந்தார், கயிறு கட்டாமல் ஒரு தீப்பெட்டிகூட ஏற்ற மாட்டார் என்ற பெயரோடு. அன்று நீதிபதி ஷீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வீட்டுக் கிரைண்டருக்கும் கணக்கு எழுதற லாரி ஆபீஸை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

சாட்சி

அதன் பிறகு எங்கள் அறிக்கைகளில் நாய் வரவில்லை. வருவதற்கு மேனேஜரே விடவில்லை. 'எமது ஓட்டுநர் கவனக்குறைவால்' என்ற வரியை அவர் ஒரு ரப்பர் ஸ்டாம்பாகவே செய்துவிடலாமா என்று கேட்டார்.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம். சகாயமேரி அக்கா ஒரு டப்பா பூந்தியோடு ஆபீசுக்கு வந்திருந்தார். ஊன்றுகோல் இல்லை. அந்த வாரத்திலிருந்து செக்கிங் டேபிளில் நிற்கிறார். அதை நாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றே பேசினார். குடையோடு சர்வேயரும் வேறொரு கேஸ் விஷயமாக வந்து பூந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது ரங்கசாமி அண்ணன் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு முகம் வெளிறி உள்ளே வந்தார். அவிநாசிப் பக்கம் பிரேக் போட்டிருக்கிறார், பின்னால் வந்த வேன் இடித்து எங்கள் டெயில் லைட் உடைந்திருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. எதற்குப் பிரேக் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், கடைசியாகச் சர்வேயரையும் பார்த்தார். "நெசமாவே நாயிங்க" என்றார்.

மேனேஜர் மேலே ஃபேனைப் பார்த்தார். "நம்ப மாட்டீங்கன்னு தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கக்கத்தில் ஒரு நாய். சந்தேகமில்லாத, சுத்தமான கறுப்பு நாய். ரோட்டில் இருந்து தூக்கி, கேபினில் உட்கார வைத்து, சாட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அது ஆபீசை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. நேராகச் சகாயமேரி அக்காவிடம் போய், அவருடைய வலது காலை மோந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. அக்கா சிரித்த சிரிப்பில் பூந்தி சிதறியது. சர்வேயர் டப்பாவைக் கீழே வைத்தார், எழுந்தார், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாய்க்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கமுங்க. உங்களத்தான் ரொம்ப நாளாத் தேடிட்டிருக்கறனுங்க."

இத்தனை வருடச் சர்வீசில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: டிரைவர் இடித்தால் முதலாளி பொறுப்பு, கயிறு கட்டாத கிரைண்டருக்கும் முதலாளியே பொறுப்பு, நாய் மட்டும் எந்தச் சட்டத்திலும் நிரபராதி.